நிற்க வைத்த ஊசி

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த மேகலா, சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். கதவுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. சின்னவன் தருண்தான் ஐஸ் நோண்டுகிறான் என்று அதட்ட வாயெடுத்தவள், அந்தக் கால்களை இன்னொரு தடவை பார்த்தாள். தருணின் கால் இவ்வளவு நீளமில்லை.

பரிதி நின்றுகொண்டிருந்தான். இடது கையால் ஃப்ரிட்ஜின் மேல் விளிம்பைப் பிடித்திருந்தான். வலது கையில் தண்ணீர் பாட்டில். சக்கர நாற்காலி அவனுக்குப் பின்னால் காலியாக இருந்தது.

"கத்தாதம்மா," என்றான் திரும்பாமலே. "நீ கத்துனா நான் பயந்து உக்காந்துக்குவேன்."

மேகலா கையிலிருந்த காலி பக்கெட்டைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். அவன் அண்ணாந்து தண்ணீர் குடித்தான். சட்டையெல்லாம் நனைந்தது. பத்து வயதில் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை. இப்போது பதினேழு நடக்கிறது. அவன் தன்னைவிட உயரமாக வளர்ந்திருக்கிறான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பரிதிக்கும் தருணுக்கும் இருந்தது தசைச்சிதைவு நோய். தசை நார்கள் கிழிந்துபோகாமல் காக்கும் புரதம் ஒன்று அவர்கள் உடம்பில் உருவாவதில்லை. அதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு பிறப்பிலேயே பிழையாக இருந்தது. ஓடி விளையாடும் பிள்ளை ஆறேழு வயதில் அடிக்கடி தடுக்கி விழும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றித் தன் மேலேயே ஏறுவதுபோல எழும். பிறகு ஒருநாள் எழவே எழாது. ஆண் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் அம்மா வழியாக வருவது. மேகலாவின் தம்பி ஒருவன் மீசை முளைக்கிற வயதில் இதே நோயில் போனவன். "உங்கூட்டு ரத்தம்" என்று புகுந்த வீட்டில் யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்லாமலே அவள் காதில் அது விழுந்துகொண்டிருந்தது.

அவள் கணவன் செங்கோட்டுவேல் போர்வெல் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டியோடு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போனால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். எந்த ஊரில் நிலத்தைத் துளைத்துக்கொண்டிருந்தாலும் சாயங்காலம் போன் செய்து முதலில் கேட்பது ஒன்றுதான்: "தருண் நடக்கறானா?"

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் புது ஊசியைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது மேகலா அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். தீங்கு செய்யாத வைரஸ் ஒன்றில் சரியான மரபணுவை ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அது தசைக்குள் நுழைந்து, வாடிப்போன இடத்திலும் மிச்சமிருக்கும் விதைச் செல்களை எழுப்பிவிடும். தசை மறுபடி வளரும். ஒரே ஒரு தடவைதான் போட முடியும். உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, அது இரண்டாம் தடவை வந்தால் சண்டை போட்டு ஆளையே கொன்றுவிடும்.

முதல் சுற்றில் இன்னும் நடக்கிற பிள்ளைகளை மட்டும் எடுப்பதாகத்தான் இருந்தது. "உக்காந்த புள்ளைக புள்ளைக இல்லீங்களா?" என்று மேகலா கேட்டாள். ஒரு நாள் இல்லை, பல நாள் கேட்டாள். அவளைப்போல இன்னும் சில பெற்றோர் கேட்டார்கள். கடைசியில், உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளில் ஒருவனை மட்டும் சேர்க்கிறோம் என்றார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு இடம். மூத்தவனுக்குக் காலம் குறைவு, சின்னவன்தான் நடக்கிறானே, அவன் அடுத்த சுற்று வரைக்கும் பொறுப்பான் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்தார்கள். அந்த ஒரு இடம் பரிதிக்குக் கிடைத்தது; ஊசி போட்டார்கள்.

பரிதி நின்றான். பிறகு வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு சுவரில்லாமல். நின்றுகொண்டே பல் துலக்கினான், நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்காரச் சொன்னால் கோபப்பட்டான். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மெலிந்து தொங்கிய தொடை உருண்டு திரண்டு வந்தது. செங்கோட்டுவேல் வீட்டுக்கு வந்தபோது, பரிதி கேட்டுக்கு வந்து அவன் பையை வாங்கிக்கொண்டான். செங்கோட்டுவேல் லாரி டிரைவரிடம், "என்ற பையன்," என்று மட்டும் சொன்னான்.

அந்த விடுமுறையில்தான் பரிதியை முடிவெட்டும் கடைக்கு அழைத்துப் போனான். அதுவரை ஆள் வீட்டுக்கு வந்துதான் வெட்டிவிடுவார். பரிதி உயரமான சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே முதல் முறையாக மீசையை ஒதுக்கிக்கொண்டான். முடிந்ததும் செங்கோட்டுவேல் கையை நீட்டினான்.

"நானே எந்திரிக்கிறேன். கையை எடுங்கப்பா."

இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி அழுத்தினான். பாதி எழுந்தபோது முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பரிதி என்ன சத்தம் என்று கீழே குனிந்து பார்த்தான். அப்புறம்தான் அலறினான். அவன் சாய்வதற்குள் செங்கோட்டுவேல் இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டான். வலது முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் தொடைப் பக்கமாக ஏறிப் போயிருந்தது.

மருத்துவமனையில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் ஷெரின். நாகர்கோவில்காரர். ஊசி போட்ட நாளிலிருந்து பரிதியிடம் தினமும் பேசுகிறவர். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"விழுந்தானா?"

"இல்லீங்க டாக்டர். நான் பக்கத்துலதான் நின்னேன். எந்திரிச்சான், அவ்வளவுதான்."

ஷெரின் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"முட்டிக்குக் கீழ, தொடைத் தசையோட நார் வந்து ஒட்டுற இடத்துல ஒரு துண்டு எலும்பு பிய்ஞ்சு வந்திருக்கு. யாரும் அடிக்கல. எங்கயும் இடிக்கல. அவனோட தொடைதான் அவன் எலும்பைப் பிடுங்கியிருக்கு."

மேகலாவுக்குப் புரியவில்லை. "தசை நல்லா வந்திருச்சுன்னீங்களே?"

"தசை நல்லா வந்ததுதான் பிரச்சினை. எலும்புன்னா ஏதோ கல்லுன்னு நினைக்கிறோம். அது உயிரோட இருக்கு. தினமும் தன்னைத்தானே கொஞ்சம் இடிச்சு, கொஞ்சம் கட்டிக்கிட்டே இருக்கும். எங்க கட்டணும், எவ்வளவு கட்டணும்னு அதுக்குச் சொல்றது தசைதான். தசை இழுக்க இழுக்க, அந்த இழுப்புக்குத் தகுந்த மாதிரி எலும்பு தடிக்கும். இவனுக்கு ஏழு வருஷமா எதுவும் இழுக்கல. எலும்பு கட்டுறதை நிறுத்திட்டு இடிக்கிறதை மட்டும் செஞ்சிருக்கு. இத்தனை நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை வேற அதை அரிச்சிருக்கு. திடீர்னு இந்தத் தசை முழு பலத்தோட வந்து இழுக்குது."

"போர் குழிக்குள்ள எறக்குன பழைய கேசிங் பைப்பு துருப்புடிச்சுக் கெடக்கறப்ப கம்ப்ரசரை மட்டும் புதுசா மாத்துன மாதிரிங்களா?" என்றான் செங்கோட்டுவேல்.

ஷெரினுக்குக் கேசிங் பைப் என்னவென்று தெரியாது. ஆனாலும் தலையாட்டினார்.

"இது முன்னாடியே தெரியாதுங்களா?" மேகலாவின் குரல் உயர்ந்தது.

"எலிக்குப் போட்டோம், நாய்க்குப் போட்டோம். அந்தப் பிராணிங்க எல்லாமே நடமாடிக்கிட்டிருந்தது. வருஷக்கணக்கா உக்காந்திருந்த உடம்புக்குப் போட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதும்மா." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "அதனாலதான் முதல்ல நடக்கிற பசங்களை மட்டும் எடுக்கணும்னு இருந்தோம்."



ஸ்க்ரூ போட்டு எலும்பைப் பிடிக்க வைக்கப் பார்த்தார்கள். உதிர்கிற சுவரில் ஆணி அடித்த மாதிரி ஸ்க்ரூ கழன்று வந்தது. காலை நீட்டியபடி மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஷெரின் இன்னொன்றையும் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.

"இதை நான் மேல எழுதியாகணும். விழுந்து ஒடியறது இந்த நோய்ல சகஜம், அதை மருந்தோட தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா இது தசை ஒடிச்சது. இதே மாதிரி இன்னொண்ணு, இவனுக்கோ வேற யாருக்கோ வந்தா, விசாரணை முடியற வரைக்கும் எல்லாருக்கும் ஊசியை நிறுத்தி வெச்சிருவாங்க. அதான் விதி."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

தருணின் முறை பொங்கல் கழிந்ததும் வருவதாக இருந்தது. தருணுக்கு ஒன்பது வயது. இன்னும் நடந்துகொண்டிருந்தான். ஆனால் குதிகால் தரையில் படாமல், வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நடந்தான். பரிதி உட்காருவதற்கு முந்தின வருஷம் எப்படி நடந்தான் என்பது மேகலாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பரிதி இருமினான். சுண்ணாம்புத் தூசி தொண்டைக்குள் போய்விட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் இரண்டு தடவை இருமினான். மூன்றாம் தடவை இருமல் பாதியில் நின்றது. வாயைத் திறந்தபடி, மூச்சு விடப் பயந்தவனாக அப்படியே இருந்தான். முகமெல்லாம் வியர்த்தது.

"முதுகும்மா," என்றான் மெதுவாக. "நடு முதுகுல."

செங்கோட்டுவேல் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். கார் கூப்பிடப் போனை எடுத்தவனைப் பரிதி நிறுத்தினான்.

"அப்பா, இருங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசோணும்."

"பேசறதுக்கு இதா நேரம்?"

"கட்டில்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லுங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே வாசலில் தருண் நாய்க்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"அடுத்த சுத்துல உன்னையாட்ட உக்காந்திருக்கற பசங்களையும் சேத்திருக்கறாங்கடா," என்றான் செங்கோட்டுவேல். "நீ நின்னதைப் பாத்துட்டுத்தான் சேத்தாங்க. நாம மறைச்சா, அந்தப் பசங்களுக்கும்..."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா சொல்ற?"

பரிதி கண்ணை மூடிக்கொண்டான். வலியா யோசனையா என்று தெரியவில்லை. "நேத்து ஸ்கூல் படியில இவன் கையை ஊனித் தவழ்ந்து ஏறுனானாம். பசங்க சிரிச்சாங்களாம். எங்கிட்ட மட்டும் சொன்னான். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னான்." மூச்சைச் சிறிது சிறிதாக இழுத்தான். "டாக்டர் என்ன சொன்னாங்க? நடக்கற பையனுக்கு எலும்பும் தசையும் இன்னும் பேச்சுவார்த்தையில இருக்கு, அவனுக்கு நல்லபடியா ஆகும்னாங்களா இல்லையா? இவன் உக்காந்துட்டா அப்புறம் ஊசி வந்தும் என்னை மாதிரிதான்."

"அந்தப் பசங்க?" என்றான் செங்கோட்டுவேல் மறுபடி.

 கார் கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. காரின் பின் சீட்டில் பரிதியின் தலை மேகலாவின் மடியில் இருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் சொல்லிவிட்டுத் தாண்டினான்.

ஷெரின் படத்தைப் பார்த்தார். முதுகெலும்பில் ஒரு கணு, மிதிபட்ட அட்டைப் பெட்டி மாதிரி நசுங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?"

செங்கோட்டுவேல் தரையைப் பார்த்தான். இவனால் ஆகாது என்று மேகலாவுக்குத் தெரிந்தது.

"விழுந்துட்டானுங்க," என்றாள். "கட்டில்ல இருந்து."

"விழுந்தானா?"

"ஆமாங்க."

ஷெரின் பரிதியிடம் போனார். "எப்படிடா விழுந்த?"

"திரும்பிப் படுத்தேன். ஓரம்னு தெரியல டாக்டர்."

அவன் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஷெரின் அவன் தோளையும் இடுப்பையும் முழங்கையையும் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டார். "சரி," என்றார். அந்த ஒரு சொல்லை மேகலா பல மாதம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தருணுக்கு ஊசி போட்டார்கள்.

அவனுக்கு எல்லாம் சொன்ன மாதிரியே நடந்தது. கோடை விடுமுறைக்குள் குதிகால் தரையைத் தொட்டது. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறினான். ஒருநாள் பக்கத்து வீட்டு மதில் ஏறிக் குதித்தான் என்று புகார் வந்தது. மேகலா அந்த வீட்டுக்காரம்மாவின் முன்னால் அவனைத் திட்டிவிட்டு உள்ளே வந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பரிதிக்கு அந்தக் கோடையில் இடது தொடை ஒடிந்தது, பிறகு தோள்பட்டை. தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்ததில் கணுக்காலில் ஒன்று. ஒவ்வொன்றும் அவன் தசையே செய்தது. ஒவ்வொரு தடவையும் எப்படி ஒடிந்தது என்று மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அவன் தசை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. கட்டிலில் கிடந்தாலும் கை கால்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவனுடையதைப் போல இருந்தன.

"எலும்புக்கு மருந்து இல்லீங்களா?" என்று மேகலா கேட்டாள்.

"கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அரிக்கிறதை மருந்து நிறுத்தும். ஆனா கட்டுறதுக்கு எலும்பு மருந்தைக் கேக்காது, தசையைத்தான் கேக்கும். தசை இழுத்தாத்தான் எலும்பு கட்டும். இவனுக்குத் தசை இழுத்தா எலும்பு ஒடியுது."

"அப்ப கொஞ்சமா இழுக்கச் சொல்லுங்க."

மேகலா அதைக் குழந்தை மாதிரி கேட்டுவிட்டாள். ஷெரின் சிரிக்கவில்லை. "அதைத்தான் செய்யப் பாக்கணும். நரம்புல இருந்து தசைக்குப் போற கட்டளையை மறிக்க ஒரு ஊசி இருக்கு. தசையைத் தூங்க வெச்சிருவோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எழுப்புவோம். எலும்பு தாங்குற அளவுக்கு மட்டும்."

"எத்தனை நாள் ஆகுங்க?"

"தெரியாது. ரொம்ப நாள் தூங்குனா தசை கொழுப்பா மாறிரும். மறுபடி வளக்க நம்மகிட்ட இன்னொரு ஊசி கிடையாது."

பரிதிதான் சரி என்றான். மூச்சுக்கும் முகத்துக்கும் கழுத்துக்கும் உள்ளதை விட்டுவிட்டு மற்ற தசைகளையெல்லாம் தூங்க வைத்தார்கள். சில மாதம் கழித்து வலது தொடையைக் கொஞ்சம் எழுப்பிப் பார்த்தார்கள். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் வந்தது. மறுபடி தூங்க வைத்தார்கள். இன்னும் குறைத்து எழுப்பினார்கள். விரிசல் வரவில்லை, ஆனால் எலும்பும் தடிக்கவில்லை. அந்த அளவு இழுப்பு எலும்பின் காதுக்கு எட்டவில்லை என்றார் ஷெரின். கொஞ்சம் கூட்டினார்கள். விரிசல். அந்த இரண்டு அளவுக்கும் நடுவில் இடமே இல்லாமல் இருந்தது.

செங்கோட்டுவேல் போர்வெல் வேலையை விட்டுவிட்டு உள்ளூரிலேயே ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தான். பரிதியைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மேகலா அதைத் திறப்பதையே விட்டிருந்தாள். இரண்டாம் சுற்றில் தர்மபுரியிலிருந்து திலீபன் என்று ஒரு பையன். பதினைந்து வயது, நாற்காலியில் இருந்தவன். அவன் நின்ற வீடியோவை அவன் அம்மா சிவரஞ்சனி எல்லோருக்கும் போட்டிருந்தாள். மேகலா அதைத் தொடவில்லை. ஒருநாள் சிவரஞ்சனியே கூப்பிட்டாள்.

"அக்கா, திருச்செங்கோட்டு மலைக்கு வர்றோம், சாமி கும்பிட. அப்படியே பரிதியைப் பாத்துட்டுப் போகணும்னு திலீபன் ஒரே பிடிவாதம்."

"வாங்க," என்றாள் மேகலா. வேறென்ன சொல்வது?

கணவனிடம் சொன்னாள். "வந்தா சொல்லிரப் போறேனுங்க. இன்னைக்காவது சொல்லிரோணும். ஒடியறதுக்கு முன்னாடியே தூங்க வெச்சாங்கன்னா அந்தப் பையனுக்காவது..."

"சொல்லு," என்றான் அவன். "நாந்தான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் கார் வந்து நின்றது. ஒரு பையன் கதவைத் திறந்துகொண்டு தானாகவே இறங்கினான். வேட்டி கட்டியிருந்தான். வாசல்படியில் ஏறினான். பின்னாலேயே அவன் அம்மா பூஜைத் தட்டோடு வந்தாள்.

மேகலா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "உக்காரு சாமி. மொதல்ல உக்காரு."

"இல்லீங்க அத்தை. நிக்கிறேன்."

"உக்காருன்னு சொல்றேன்!"

கத்தியது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. பையன் திகைத்துப்போய் நின்றான், உட்காரவில்லை. மேகலா நாற்காலியைப் பிடித்தபடியே சொன்னாள். "எம்பையன் விழலைப்பா. விழுந்துட்டான்னு நாந்தான் பொய் சொன்னேன். அவன் இருமுனான், அவ்வளவுதான். அவன் தசையே அவனை ஒடிச்சிருச்சு. உனக்கும் அப்படித்தான் ஆகும். என் சின்னப் பையனுக்கு ஊசி கிடைக்கோணும்னு..." சிவரஞ்சனியின் பக்கம் திரும்பினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னைய என்ன வேணா சொல்லுங்க."

சிவரஞ்சனி தட்டைத் திட்டில் வைத்தாள். மேகலாவின் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கினாள்.

"தெரியுங்கக்கா."

"என்ன தெரியும்?"

"ஊசிக்கு முன்னாடியே டாக்டரம்மா எங்களை உக்கார வெச்சுப் படம் காட்டுனாங்க. பேர் சொல்லல. முட்டியில ஒண்ணு, முதுகுல ஒண்ணு. ரெண்டுமே விழாம ஒடிஞ்சதுன்னாங்க. முதல் சுத்துல உக்காந்திருந்த பையன் ஒருத்தன்தானே, எங்களுக்கே புரிஞ்சு போச்சு."

"ரெண்டுமே விழாமன்னு... அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாங்க்கா. அப்ப ஊசியை நிறுத்திருவாங்களான்னு கேட்டேன். மேல எழுதிப் போட்டுட்டேன், நடக்கிற பசங்களுக்கு நல்லா வேலை செய்யுது, அதனால விதியைத் தளர்த்தித் தொடரச் சொல்லிட்டாங்க, உக்காந்த பசங்க வீட்ல மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டுப் போடச் சொன்னாங்கன்னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." மகனைப் பார்த்தாள். "இவன்தான்."

செங்கோட்டுவேல் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "கேட்டேன். டாக்டரம்மாவுக்கு அன்னைக்கே தெரியுமாம். விழுந்திருந்தா மேலுக்கு ஒரு சிராய்ப்பாவது இருந்திருக்குமாம். அன்னைக்குச் சாயங்காலமே உள்ளதை எழுதி அனுப்பிட்டாங்களாம். 'அப்ப உங்க வீட்டம்மா முகத்தைப் பாத்து, பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரலை, அப்புறம் சொல்லவும் வழி தெரியல'ன்னாங்க."

"அப்ப நாம பொய் சொல்லாட்டியும் தருணுக்கு..."

"கிடைச்சிருக்கும்."

உள்ளறையிலிருந்து பரிதியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். "அதனால நாம சொன்னது இல்லைன்னு ஆயிராதும்மா. அவங்களை உள்ள வரச் சொல்லு."

திலீபன் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். பரிதியால் தலையை மட்டும் திருப்ப முடிந்தது. திலீபனின் காலிலிருந்து மேலே வரைக்கும் மெதுவாகப் பார்த்தான்.

"நல்லா நிக்கிறடா."

"உங்களைப் பாத்துத்தான்ண்ணா." பையன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "முதல்ல எங்க ஒடியும்?"

"எனக்கு முட்டிக்குக் கீழ. உனக்கு வேற எங்கயாவது இருக்கலாம்."

"ரொம்ப வலிக்குமா?"

"முதல்ல சத்தந்தான் கேக்கும். வலி பொறகுதான் வரும்." பரிதி யோசித்தான். "தூங்க வெச்சுட்டா வலி இருக்காது. ஆனா மூக்குல ஈ உக்காந்தா அம்மாவைக் கூப்பிடோணும்."

"எனக்கு இப்பவே பாதி தூங்க வெச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்கண்ணா. ஒடியறதைத் தள்ளிப் போடலாமாம். பாதி தூங்குனா நிக்க முடியாதாம். வேண்டாம்னுட்டேன்."

சிவரஞ்சனி வாசல் நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு வீட்டில் பல தடவை நடந்து முடிந்தது என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. மேகலா வாயைத் திறந்தாள். அந்தப் பையனிடம் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருப்பதாக இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். இப்போது தேடினால் ஒன்றும் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க போட்டிருப்பீங்களாண்ணா?" என்று கேட்டான் திலீபன்.

பரிதி கண்ணைத் திருப்பினான். அம்மா நிற்பதைப் பார்த்தான். "அதை இங்க கேக்காதடா," என்றான்.

காபி வந்தது. திலீபன் நின்றுகொண்டே குடித்தான். கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமாண்ணா?"

சிவரஞ்சனியின் போனை மேகலா வாங்கிக்கொண்டாள். சின்ன அறை. பையனின் தலை வந்தால் கட்டில் வரவில்லை, கட்டில் வந்தால் தலை வரவில்லை. பின்னால் நகர்ந்தாள். பீரோ முதுகில் இடித்தது. குறுக்காகப் பிடித்துப் பார்த்தாள், நெடுக்காகப் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்தீன்னா ரெண்டு பேரும் முழுசா வந்துருவீங்க சாமி."

திலீபன் பரிதியைப் பார்த்தான்.

"அவன் நிக்கட்டும்மா," என்றான் பரிதி.

மேகலா போனைத் தாழ்த்திப் பிடித்து எடுத்தாள். சிவரஞ்சனி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படத்தில் தலையணையில் சாய்ந்த பரிதியின் முகமும், பக்கத்தில் வேட்டி கட்டிய இரண்டு கால்களும் மட்டும் இருந்தன.

"நல்லா வந்திருக்குங்கக்கா," என்றாள் அவள். "உங்களுக்கும் அனுப்பறேன்."